தன்பாலீர்ப்பாளர்களுக்கான கப்பல் பயணங்கள்: கொழும்பிலிருந்து போகிறவர்கள் எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

கடற்கரை வாசி (கேள்வி):

வணக்கம். நானும் என் துணைவரும் வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடி வீட்டில் வசிக்கிறோம். அயலவர்களைப் பொறுத்தவரை நாங்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு நண்பர்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கென்றே ஒழுங்கு செய்யப்படும் உல்லாசக் கப்பல் பயணம் ஒன்றில், மத்திய தரைக்கடலிலோ கரீபியன் தீவுகளிலோ, அடுத்த வருடம் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். உணவு மேசையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இவ்வளவு செலவா என்று அவர் கேட்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

விளம்பரப் படங்களில் மேலாடையின்றி ஆடும் இளைஞர்களே தெரிகிறார்கள். நாங்களோ நாற்பதைக் கடந்தவர்கள், பத்து மணிக்கு உறங்கச் செல்பவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா? இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு விசாவிலும், போய் இறங்கும் நாடுகளின் சட்டத்திலும் என்னென்ன சிக்கல்கள் வரும்? சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் என்பதால், ஊக்கமூட்டும் வார்த்தைகளைவிட விபரங்களையே எதிர்பார்க்கிறேன்.

பழைய துறைமுகம் (பதில்):

முழுக் கப்பலையும் வாடகைக்கு அமர்த்தி நடத்தும் பயணம் வேறு, எல்லோரும் போகும் வழமையான பயணத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து போவது வேறு. முதல் வகையில், 1991இல் தொடங்கிய அட்லாண்டிஸ் போன்ற நிறுவனங்கள் பெரிய கப்பல் நிறுவனங்களிடமிருந்து கப்பலை ஊழியர்களோடு சேர்த்து எடுத்து, அறைகளைத் தாங்களே விற்கின்றன. மேடை நிகழ்ச்சிகளும் ஆடல் இரவுகளும் அவர்களுடைய பொறுப்பு. கப்பலைச் செலுத்துவது, சமையல், துப்புரவு ஆகியவை வழமைபோல் கப்பல்காரருடையவை. விற்காமற்போகும் அறையின் நட்டம் வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழுவதால், முற்பணத்தைத் திருப்பித் தரும் விதிகள் பெரும்பாலும் கடுமையானவை. பணம் கட்டுமுன் அந்தப் பகுதியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

இது நேற்று முளைத்த வியாபாரம் அல்ல. எயிட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 1986இல், ஆர்.எஸ்.வி.பி. என்ற அமெரிக்க நிறுவனம் இத்தகைய முதற் பயணத்தை நடத்தியது. பெண்களின் இசைத்தட்டு நிறுவனமாக 1973இல் பிறந்த ஒலிவியா, 1990இல் பெண்களுக்கான கப்பல் பயணங்களுக்கு மாறியது. பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கான ஆர் ஃபமிலி 2004இல் நியூயோர்க்கிலிருந்து முதற் கப்பலை அனுப்பியபோது, பஹாமாஸின் நசாவு துறைமுகத்தில் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் அவர்களை வரவேற்றது.

மெட்டல் இசை இரசிகர்களும் ஆடையின்றிப் பயணிக்க விரும்புவோரும்கூட இதே முறையில் முழுக் கப்பலை எடுக்கிறார்கள். ஆனால் மெட்டல் இரசிகரை எந்த நாடும் அவர் இரசிகர் என்பதற்காகத் துறைமுகத்தில் மறிப்பதில்லை. எங்கள் விடயம் அப்படியில்லை. 1998இல் கேமன் தீவுகள் அட்லாண்டிஸ் எடுத்திருந்த நோர்வீஜியன் லீவர்ட் கப்பலுக்கு அனுமதி மறுத்தன. 2012 மார்ச்சில் டொமினிக்காவில் செலிபிரிட்டி சமிட் கப்பலிலிருந்த இரண்டு அமெரிக்கர்கள் கைது செய்யப்பட்டார்கள். மேல்மாடத்தில் அவர்கள் இருந்த நிலையைக் கரையிலிருந்தவர்கள் கண்டதே காரணம். அதே வருடம் மொரோக்கோவின் கசாபிளாங்காவில் நிற்கவிருந்த இத்தகைய கப்பல் ஒன்றின் தரிப்பு ரத்தானது. ஓரினப் பாலுறவைக் குற்றமாக்கும் சட்டத்தை டொமினிக்காவின் நீதிமன்றம் 2024இல் நீக்கிவிட்டது. பார்படோஸ், அன்டிகுவா, சென்ற் கிட்ஸ் ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள் 2022இலேயே அதை நீக்கிவிட்டன. ஜமெய்க்காவில் இன்றும் இருக்கிறது.

நடுக்கடலில் கப்பலுக்கு அது பதிவான நாட்டின், அதாவது கொடி நாட்டின் சட்டம். துறைமுகத்தில் கட்டியபின் கரை நாட்டின் சட்டமும் கப்பலுக்குள் ஏறிவிடும். செலிபிரிட்டியின் கப்பல்களிற் பல மோல்டா கொடியில் ஓடுவதால், மோல்டா சட்டம் மாறிய பிறகு, 2018இல் அவர்களின் கப்பலில் ஓரினத் திருமணமே நடந்தது. அதே கப்பல் மறுநாள் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பாதுகாப்பு. ஆகவே கப்பலின் பெயரையும் நீச்சல் தடாகத்தின் படத்தையும் பார்ப்பதற்கு முன் பயண வழியைப் பாருங்கள்.

உணவு மண்டபம் (பதில்):

நான் பயணியாக அல்ல, கப்பல் உணவு மண்டபத்தில் பணிபுரிந்தவனாக எழுதுகிறேன். இத்தகைய வாரங்களில் ஊழியர்களுக்கு முன்கூட்டியே விளக்கம் தரப்படும். நான் பார்த்த அளவில், முகம் சுளித்த ஓரிருவரும் இரண்டாம் நாளில் வேலைப் பளுவில் அதை மறந்துவிடுவார்கள். ஆடல் இரவுகள் மேல்தளத்தில் நடக்கும்போது, கீழே வாசிப்பறையிலும் பின்தள உணவகத்திலும் வயதான தம்பதிகள் அமைதியாக அமர்ந்திருப்பது சாதாரணக் காட்சி. உங்கள் துணைவர் கவலைப்பட வேண்டாம். அறையை மட்டும் ஆடற்தளத்துக்கு நேர் கீழே எடுத்துவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல்களில் இலங்கையரும் வேலை செய்கிறார்கள். பல கப்பல்களில் ஊழியரின் பெயர்ப்பட்டியில் நாட்டின் பெயரும் இருக்கும். மேசைக்கு வருபவர் நீர்கொழும்பிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நம்மவரைக் கண்ட மகிழ்ச்சியில் ஊர், பெயர் எல்லாம் விசாரிப்பார். பயணிகளின் விபரத்தை வெளியே பேசினால் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும் என்றாலும், என்ன பதில் சொல்வது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் படப்பிடிப்பாளர் எடுக்கும் படங்கள் பொதுவாக எல்லோரும் பார்க்கக்கூடிய காட்சிப் பலகைக்கோ திரைக்கோ போகும். வேண்டாம் என்று சொன்னால் எடுக்கமாட்டார்கள்.

நெய்தல் (பதில்):

பழைய துறைமுகம் ஐயா எழுதியவை சரியே, ஆனால் முதற்பயணத்துக்கே முழுக் கப்பல் வாடகைப் பயணத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஐரோப்பாவுக்குச் செங்கன் விசா எடுத்து, கப்பல் துருக்கியிலோ மொன்டனீக்ரோவிலோ நின்று மீண்டும் கிரேக்கத்துக்குள் நுழைந்தால், ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு விசா வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் கரீபியன் பயணத்துக்கும் இதே கதை. அலுவலகத்திலிருந்து கேட்கும் விடுமுறைக் கடிதத்தில் திகதிகள் மட்டும் இருந்தால் போதும். என்ன கப்பல் என்பதை அதில் எழுத வேண்டியதில்லை.

குறுகிய பயணமொன்றை முதலில் முயன்று பார்க்க விரும்பினால், இலங்கையருக்கு விசா தேவையில்லாத சிங்கப்பூரிலிருந்து புறப்படும் வழமையான கப்பல்கள் இருக்கின்றன. ஆண்களிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377அ பிரிவை நீக்கச் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2022 நவம்பரில் வாக்களித்தது. பினாங்கில் நிற்கும் பயணமாக இருந்தால், மலேசியாவுக்கு விசா வேண்டும், அதைக் குற்றமாக்கும் பிரித்தானியர் காலச் சட்டமும் அங்கே இன்னும் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். பல நிறுவனங்களின் வழமையான கப்பல்களில் அன்றாட நிகழ்ச்சி நிரலில் எங்களவர்களுக்கான மாலைச் சந்திப்பு ஒன்றும் இருக்கும். முன்பெல்லாம் அதை ‘பிரெண்ட்ஸ் ஒஃப் டொரதி’ என்ற மறைபெயரில் குறிப்பார்கள். சில நாட்களில் இருபது பேர் வருவார்கள், சில நாட்களில் பார் ஊழியரைத் தவிர ஒருவரும் இல்லை. இந்த வழியில் உங்கள் துணைவர் சொல்லும் அந்த மேசை கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்களாக இருப்பது முழு வாடகைக் கப்பலில் மட்டும்தான், விலையும் அதற்குத்தான்.

இலங்கைச் சட்டத்தைப் பற்றி: ஓரினப் பாலுறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன, 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டது. அவற்றை நீக்கும் தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணில்லை என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. கட்டுநாயக்காவில் இறங்கும்போது ஒரு சுற்றுலாப் பயணிக்கு இதனால் சிக்கல் வருவதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் டோஹாவிலோ துபாயிலோ மாறுகின்றன. இணைப்பு விமானம் தவறி அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தால், அந்த நாடுகளின் சட்டத்துக்கு உட்பட்டவர்களாக இருப்பீர்கள்.

கடற்கரை வாசி:

மூவருக்கும் நன்றி. வழியை முதலில் பார்ப்பது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. துணைவரிடம் காட்டினேன், வாசிப்பறை இருக்கிறது என்ற பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். இன்னும் ஒரு கேள்வி: ஒருவருக்குக் கப்பலில் கடுமையாக நோய் வந்தால், மற்றவரை உறவினராக ஏற்பார்களா?

நெய்தல்:

நீங்களாக எழுதிக் கொடுக்காவிட்டால் ஏற்பார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. முற்பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பாளர் என்ற இடத்தில் ஒருவர் பெயரை மற்றவர் போடுங்கள். ஊரிலுள்ள அம்மாவின் பெயரைப் பழக்கத்தில் எழுதிவிட்டால், கப்பல் முதலில் அழைப்பது அவரைத்தான். மருத்துவத் தீர்மானங்களைத் துணைவர் எடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்து, நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்டு இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். காப்புறுதியை இருவரும் தனித்தனியாக எடுங்கள், நடுக்கடலிலிருந்து உலங்கு வானூர்தியில் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

உணவு மண்டபம்:

கடிதத்தின் ஒரு பிரதியை ஏறிய முதல் நாளே கப்பல் மருத்துவ நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். வரவேற்பு மேசையில் கொடுத்தால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.