படிப்பகக் கணினியில் வருகிறவர்கள் ஃபைல் சேமிப்பதையே தடுத்துவிடலாமா?

படிப்பகச்சாவி:
எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 4 கணினி. எல்லாம் விண்டோஸ் 10. யாரும் வந்து அரை மணி நேரம் உட்காரலாம், காசு கிடையாது. ‘விசிட்டர்’ என்று ஒரே ஒரு பொதுக் கணக்கு, பாஸ்வேர்டு இல்லை. போன ஞாயிறு துடைத்துப் பெருக்கிவிட்டு டவுன்லோட்ஸைத் திறந்தேன். 31 ஆதார் பிடிஎஃப். சாதிச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், ஓர் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். ராத்திரி தூக்கமே வரவில்லை. நம்பி வந்தவர்களின் காகிதத்தை நடுத்தெருவில் போட்டுவைத்த மாதிரி இருந்தது.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றிலும் அந்தக் கணக்குக்கு எழுதும் உரிமையை எடுத்துவிடப் போகிறேன். எதையும் சேமிக்கவே முடியக் கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

குரூப்4_மலர்:
இருக்கு அண்ணா. நான் இந்த மாதிரி ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்துதான் அப்ளிகேஷன் போட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. போட்டோவை வாட்ஸ்அப் வெப்பில் இறக்கணும். அவங்க கேட்ட கேபி அளவுக்குக் குறைக்கணும். கையெழுத்தைத் தனியா வெட்டணும். அப்புறம்தான் அப்லோட். ஒவ்வொரு தடவையும் சேமிச்சாதான் அடுத்ததுக்குப் போக முடியும். கடைசியா வர்ற பிடிஎஃப்பையும் இறக்கி மெயிலுக்கு அனுப்பிக்கணும். நீங்க பூட்டிட்டா அந்த கம்ப்யூட்டர் பேப்பர் படிக்க மட்டும்தான் ஆகும். எங்களை மாதிரி ஆளுங்க திரும்பவும் காசு கொடுத்து சென்டருக்குப் போகணும்.

கடை_எண்_7:
நான் பிரவுசிங் சென்டர் நடத்துறவன்ங்க, 12 வருஷமாச்சு. படிப்பகச்சாவி சொல்றதுதான் சரி. இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு என்னன்னு எல்லாருக்கும் தெரியும்: பெயரில் முதல் 4 எழுத்து, பிறந்த வருஷம். அதே ஃபோல்டரில் ஒருத்தரோட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கிடந்தா இரண்டும் அதிலேயே இருக்கு. பூட்டு, சாவி இரண்டையும் ஒரே திண்ணையில் வெச்சுட்டுப் போற மாதிரிங்க. என் கடையில் கஸ்டமர் மெஷினில் சேமிக்க வழியே கிடையாது. வேணும்னா கவுன்டருக்கு வரணும், நான் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன்.

குரூப்4_மலர்:
கவுன்டரில் கொடுத்தா உங்க மெஷினில் இருக்காதா அண்ணா? அங்கே இருந்தா மட்டும் பத்திரமா? பென்டிரைவும் எல்லாரிடமும் இல்லை.

நெல்லை_லினக்ஸ்:
தங்கச்சி கேட்டது நியாயம். சாவி அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி பூட்டினா நிக்காது. ஒரு பள்ளிக்கூட லேபில் இதையே செஞ்சு பார்த்தவன் நான்.

சாதாரண கணக்கு வெச்சிருந்தாலும் சி டிரைவைத் திறந்ததும் வர்ற முதல் இடத்தில் புது ஃபோல்டர் போட விண்டோஸ் விடும். டி டிரைவில் இன்னும் மோசம். ஃபார்மட் பண்ணினதும் உள்நுழைஞ்ச எல்லாருக்கும் எழுத, அழிக்க உரிமை தானாவே கிடைச்சிரும். டிரைவை மறைக்கிற பாலிசியைப் போட்டா ஐகான்தான் மறையும், வேற புரோகிராம் வழியா எழுதலாம். சரி, பயனர் ஃபோல்டரையே மொத்தமா பூட்டுறேன்னா குரோமே ஒழுங்கா ஓடாது, அதுக்கு அங்கேதான் எழுத இடம் வேணும். எங்க லேபில் பசங்க ஒரே வாரத்தில் எழுத முடியுற ஃபோல்டரைக் கண்டுபிடிச்சு, அதுக்குள்ளேயே எல்லாத்தையும் போட ஆரம்பிச்சாங்க. முன்னாடி டவுன்லோட்ஸைப் பார்த்தாப் போதும். அதுக்கப்புறம் எங்கே தேடன்னே எனக்குத் தெரியலை.

சேமிக்கட்டும், எழுந்து போறப்ப அழிஞ்சிரட்டும். மேக்கில் கெஸ்ட் கணக்கு அப்படித்தான். உபுண்டுங்கிற லினக்ஸோட 16.04 பதிப்பிலும் கெஸ்ட் செஷன் இருந்தது: வீட்டு ஃபோல்டர் தற்காலிகம், வெளியேறினா காணாமப் போயிரும். உங்க விண்டோஸ் புரோ வகையா இருந்தா, பலர் பயன்படுத்துற கணினிக்குன்னே ஷேர்டு பிசி மோட் இருக்கு, விண்டோஸ் 10இன் 1607 பதிப்பில் வந்தது. உள்நுழையும் திரையில் கெஸ்ட் பட்டன் வரும், வெளியேறினதும் கணக்கே அழியும். ஹோம் வகைன்னா இது கிடையாது.

கடை_எண்_7:
தானா அழியும்னு நம்பி உட்காராதீங்க. 2009இல் மேக்கின் ஸ்னோ லெப்பர்டு (10.6) பதிப்பில் கெஸ்ட்டில் நுழைஞ்சு வெளியே வந்தா, சொந்தக்காரரோட கணக்கில் இருந்ததே அழிஞ்ச கதை உண்டு. 10.6.2இல்தான் சரி செஞ்சாங்க. நீங்க சொன்ன உபுண்டுவில் 16.10 தொட்டு கெஸ்ட்டுக்குப் போட்ட வேலி வேலை செய்யாம, மத்தவங்க ஃபைலைப் பார்க்க முடிஞ்சது. 2017இல் அப்டேட் மூலமா கெஸ்ட் செஷனையே அணைச்சு வெச்சுட்டாங்க. கடைக்காரங்க எங்களுக்கு இன்னொரு சிக்கல். 2011 சைபர் கஃபே விதிப்படி வந்தவர் பதிவேட்டையும் பார்த்த தளங்களோட பதிவையும் 1 வருஷம் வெச்சிருக்கணும். எல்லாத்தையும் துடைச்சா அதுவும் போயிருமே?

நெல்லை_லினக்ஸ்:
தளப் பதிவை ரவுட்டர் பக்கம் எடுத்து வையுங்க, வந்தவர் ஃபைலோட அதைக் கலக்க வேண்டாம். குறை வந்ததும் திருத்தினாங்க, அணைச்சாங்க, உண்மைதான். நான் அதை மறுக்கலை. ஆனா உரிமையை எடுத்துட்டாப் பத்திரம்னு நிம்மதியாத் தூங்குறது அதைவிட ஆபத்து.

குரூப்4_மலர்:
எழுந்து போனா அழியும், சரி. கரன்ட் போனா? எங்க ஊரில் அரை மணி நேரத்தில் இரண்டு தடவை போகும். போட்டோ, கையெழுத்து எல்லாம் வெட்டி முடிச்சு சப்மிட் பண்றப்ப நின்னா முதலில் இருந்து. கடைசி நாள் சர்வர் ஏற்கனவே திணறும். அன்னைக்கு எனக்குப் பின்னாடி ஆறு பேர் நின்னாங்க. என் ஃபைல் டெஸ்க்டாப்பில் இருந்ததாலதான் தப்பிச்சேன்.

படிப்பகச்சாவி:
மலர் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. எங்களிடம் யுபிஎஸ் ஒன்றுதான், அதுவும் 2 கணினிக்குத்தான் தாங்கும்.

ஆனால் மலர், ஒன்று கேட்கிறேன். உன் ஃபைல் டெஸ்க்டாப்பில் இருந்ததால் தப்பித்தாய். வேலை முடிந்ததும் அதை அழித்தாயா?

குரூப்4_மலர்:
இல்லை அண்ணா. அழிக்கணும்னே தோணலை. ஹால் டிக்கெட்டும் அங்கேயே இறக்கினேன், அதுவும் இருக்கும்.

கடை_எண்_7:
இதுக்குத்தான்ங்க நான் அடிச்சுச் சொல்றேன். படிச்ச பிள்ளைக்கே தோணலை. வெளியேறினா அழியும்ங்கிறீங்க, யாரு வெளியேறுறா? பாதிப் பேர் குரோமை மூடிட்டு அப்படியே எழுந்து போயிருவாங்க. அடுத்து வர்றவர் அதே செஷனில் உட்காருவார்.

நெல்லை_லினக்ஸ்:
அது ஒத்துக்க வேண்டியதுதான். 10 நிமிஷம் தொடாம இருந்தா தானா வெளியேறுற மாதிரி வையுங்க. டெஸ்க்டாப் நடுவில் ‘வேலை முடிந்தது, எல்லாவற்றையும் அழி’ன்னு தமிழில் பெருசா ஒரு ஐகான். லாக்-ஆஃப்னு போட்டா யாரும் தொட மாட்டாங்க.

குரூப்4_மலர்:
10 நிமிஷம் பத்தாது. ஓடிபி வரலைன்னு வெளியே போய் சிக்னல் தேடிட்டு வருவோம். 20 நிமிஷமாவது வைங்க.

படிப்பகச்சாவி:
என்ன விண்டோஸ் என்று பார்த்தேன். இரண்டு புரோ, இரண்டு ஹோம். யுபிஎஸ்ஸைப் புரோ இரண்டுக்கும் மாற்றி, கெஸ்ட் பட்டனும் 20 நிமிடமும் வைக்கிறேன். விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு அந்த இரண்டும். ஹோம் இரண்டிலும் கடைக்காரர் சொன்னபடி சேமிக்க விடப்போவதில்லை, டி டிரைவின் உரிமையையும் எடுத்துவிடுகிறேன். மலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். கரன்ட் போகும் மெஷினில் விண்ணப்பம் போட வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கடை_எண்_7:
அந்த 31 ஆதாரை என்ன செஞ்சீங்க? திறந்து பார்த்து ஆளுக்கு ஆள் சொல்லிட்டு இருக்காதீங்க. அப்படியே அழிங்க.

நெல்லை_லினக்ஸ்:
அழிச்சாலும் ஹார்டு டிஸ்கில் கிடக்கும், மீட்கிற சாஃப்ட்வேர் எடுத்துரும். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டு, விண்டோஸோடவே வர்ற சைஃபர் கட்டளையை டபிள்யூ ஸ்விட்சோட (cipher /w) ஓட்டுங்க. அழிச்ச ஃபைல் கிடந்த காலி இடத்து மேலேயே மூணு சுற்று எழுதும். நேரம் எடுக்கும், நிறுத்திராதீங்க.

படிப்பகச்சாவி:
பெயரைக்கூடப் படிக்காமல் அழித்துவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டையும்தான். முதல் கணினியில் இப்போது இரண்டாவது சுற்று ஓடுகிறது. கரன்ட் இருந்தால் விடிவதற்குள் மூன்றாவதும் முடிந்துவிடும். மற்ற மூன்றும் நாளைக்கு.