குறுங்குடல் உள்ள குழந்தைக்கு வாய்வழிப் பால் எதற்கு?

கேள்வி: குடல் முறுக்கிக்கொண்டதால், பிறந்த சில நாட்களிலேயே என் மகளின் சிறுகுடலில் பெரும்பகுதி அகற்றப்பட்டு, இப்போது இரத்தக்குழாய் வழியாகச் சத்து செலுத்தப்படுகிறது. அப்படியிருக்க, வாய்வழியும் சிறிது பால் கொடுக்கச் சொல்வது ஏன்?

பதில் 1: அந்தச் சிறிதளவு பால்தான் எஞ்சிய குடலைத் தூண்டி, அதன் உறிஞ்சும் பரப்பை விரியச் செய்கிறது, இதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். நீளத்தைப் போலவே எந்தப் பகுதி எஞ்சியுள்ளது என்பதும் முக்கியம் (இதை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்). சிறுகுடலின் கடைப்பகுதி இல்லையெனில் வைட்டமின் பி12 சரிவர உறிஞ்சப்படாது என்பதால், அதை ஊசியாகத் தர நேரலாம்.

பதில் 2: சத்து செலுத்த இரத்தக்குழாயில் குழாய் பொருத்திய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது இரத்தத்தில் கிருமித்தொற்றாக இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. கல்லீரல் பரிசோதனையும் அடிக்கடி செய்கிறார்களே?

பதில் 1: நீண்டகாலச் சிரைவழி ஊட்டம் (இரத்தக்குழாய் வழியாகச் சத்து செலுத்துவது) கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதே காரணம்.