கம்ப்ரெசருக்கு ‘உரப்பு அடக்கி’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒலித்தொகுப்பு மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கும் பணியில், பதிந்த ஒலியில் அளவுக்கு மேல் எழும் இடங்களைக் குறைக்கும் ‘கம்ப்ரெசர்’ என்ற கருவியின் பெயரில் மீண்டும் வந்து நிற்கிறோம். ‘சுருக்கி’, ‘அமுக்கி’, ‘அழுத்தி’, ‘ஒடுக்கி’ என நான்கு சொற்கள் முன்வந்திருக்கின்றன. நான்கும் ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு தேடியவை. கருவி குரலுக்கு என்ன செய்கிறது என்று பார்த்துத் தேடினால் வேறொரு சொல் கிடைக்கிறது. ‘உரப்பு அடக்கி’ என்பதை நான் முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஓர் அறையில் மைக் முன் அமர்ந்து பாடிப் பதிந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பாடகர் முணுமுணுப்பது போலப் பாடுகிறார், அலைவடிவம் திரையில் நூல் போல ஓடுகிறது. அங்கே மட்டம் -30 டெசிபெல் (0 என்பதுதான் உச்சவரம்பு). வரியின் முடிவில் குரலைத் திறந்து மேலே போகிறார், அலைவடிவம் மலை போல எழுகிறது. அங்கே -6 டெசிபெல். இடையில் 24 டெசிபெல் வேறுபாடு. பின்னணி இசையைச் சேர்த்தவுடன் முதற்பாதி அதில் மூழ்கிவிடுகிறது. மொத்தமாக ஒலியைக் கூட்டினால் பிற்பாதி உச்சவரம்பைத் தாண்டிப் பிசிறடிக்கிறது.

இங்கே கம்ப்ரெசரைப் போடுகிறோம். தொடக்க மட்டம் -18, விகிதம் 4:1 என்று வைக்கிறோம். -18க்குக் கீழே இருப்பதைக் கருவி தொடுவதில்லை. அதற்கு மேலே போகும் ஒவ்வொரு 4 டெசிபெலையும் 1 டெசிபெலாகக் குறைக்கிறது. -6 என்பது 12 டெசிபெல் அதிகம், அது 3 ஆகிறது. ஆக உச்சம் -15க்கு இறங்குகிறது. முணுமுணுப்பு -30லேயே இருக்கிறது. 24 டெசிபெல் இடைவெளி 15 ஆகிவிட்டது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மற்றச் சொற்களைப் பார்ப்போம்.

‘சுருக்கி’ எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லாத சொல். கோப்புகளைச் சிறிதாக்குவதற்கு நாம் அதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறோம். அதே மென்பொருளில் பாடலை ஃபிளாக் என்ற, ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வகையாக வெளியேற்றும்போது 0 முதல் 8 வரை சுருக்க நிலை கேட்கும் பெட்டி வருகிறது. அங்கே சுருக்கினால் குரலில் ஒன்றும் மாறுவதில்லை, கோப்பின் அளவுதான் குறைகிறது. இங்கே சுருக்கினால் குரல் மாறுகிறது, கோப்பின் அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், பாடலை மின்னஞ்சலில் அனுப்புவதற்காகச் ‘சுருக்கி’யைச் சொடுக்கிச் சேமித்துவிட்டார். நல்ல நிலா வெளிச்சம் போன்ற குரல் அவருக்கு. அதன் மென்மை முழுவதும் தட்டையாகிவிட்டது. மூலப் பதிவை அவர் தனியாக எடுத்து வைத்திருக்கவில்லை. அந்தப் பிழைக்கு அவர் பொறுப்பல்லர், சொல்லைத் தேர்ந்த நாம்தான் பொறுப்பு.

‘அமுக்கி’ இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குக் காற்றமுக்கத்தைத்தான் நினைவூட்டும், தமிழகத்தார் ‘அழுத்தம்’ என்பதை அவர்கள் ‘அமுக்கம்’ என்கிறார்கள். பேச்சில் ‘அமுக்கிவிட்டான்’ என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

‘அழுத்தி’ இதைவிடச் சிக்கலானது. பாட்டுக் கற்றுக்கொடுப்பவர் “இந்த இடத்தில் அழுத்திப் பாடு” என்றால் மாணவர் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் விசை கொடுக்கிறார். நம் கருவியோ அந்தக் கூடுதல் விசையைத்தான் குறைக்கிறது. கருவியின் வேலைக்கு நேர் எதிரான பொருளில் பாடகர் வாயில் புழங்கும் சொல்லை அதற்கே பெயராக வைக்கக் கூடாது.

‘ஒடுக்கி’யில் பொருள் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஒடுங்கிய குரல் என்றால் நோயாளியின் குரலோ அஞ்சியவரின் குரலோதான் மனத்தில் வருகிறது. நன்றாகக் கலவை செய்த குரல் ஒடுங்கி இருப்பதில்லை, எடுப்பாக முன்னால் வந்து நிற்கிறது.

இன்னொரு நண்பர் ‘மட்டப்படுத்தி’ என்றார். அதற்கு வரலாற்றின் துணை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குரலுக்கு இன்றும் பெரிதும் விரும்பப்படும் எல்ஏ-2ஏ என்ற 1960களின் கருவிக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் மட்டப்படுத்தும் பெருக்கி என்ற பொருளைத்தான் தருகிறது. 1967இல் வந்த 1176 என்ற கருவியின் பெயருக்கு வரம்பிடும் பெருக்கி என்று பொருள். ஆங்கிலத்திலேயே எல்லோரும் ‘கம்ப்ரெசர்’ என்ற ஒரே சொல்லோடு கட்டுண்டு கிடக்கவில்லை என்பதற்கு இவை சான்று. நாம் ஏன் அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டும்? ஆனாலும் தமிழில் ‘மட்டம்’ என்றால் தாழ்ந்தது என்ற பொருளும் உடன் வருகிறது, ‘மட்டம் தட்டுவது’ வேறு இருக்கிறது. ‘குரலை மட்டப்படுத்து’ என்று ஒரு பொத்தானில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி ‘அடக்கி’க்கு வருகிறேன். இந்தச் சொல் இசைக்காரர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. பாடகர் மெல்லிய சங்கதி ஒன்றைப் பிடிக்கும்போது மிருதங்கக்காரர் அடக்கி வாசிக்கிறார். அடி குறைவதில்லை, தாளம் மாறுவதில்லை, ஒலி மட்டும் கட்டுக்குள் வருகிறது. அந்த இடம் கடந்தவுடன் கை மீண்டும் திறக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்து, மிகும்போது பிடித்து, வேண்டாதபோது விட்டுவிடும் கை அது. கம்ப்ரெசர் செய்வது இதையேதான். இந்தக் கருவிகள் 1930களில் வானொலி ஒலிபரப்புக்குள் வருவதற்கு முன் ஒலிப்பொறியாளர் ஒருவர் குமிழில் விரலை வைத்துக்கொண்டு, பேச்சாளர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கையாலேயே குறைத்துக்கொண்டிருந்தார். அந்த விரலுக்குப் பதிலாக வந்த கருவிக்கு ‘அடக்கி’ என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது.

எதை அடக்குகிறது என்பதில் எனக்கும் தயக்கம் இருந்தது. ‘ஒலி அடக்கி’ என்றால் ஒலியே வராமல் செய்வது போலத் தோன்றும். ‘குரல் அடக்கி’ என்றால் ஒருவரைப் பேசவிடாமல் செய்வதாகிவிடும், தவிர இந்தக் கருவியை மேளத்துக்கும் போடுகிறோம். ‘ஏற்ற இறக்கம்’ நல்ல தமிழ். ஆனால் “ஏற்ற இறக்கத்தோடு படி” என்னும்போது குரலின் வலிமையோடு சுருதி மேலும் கீழும் போவதும் சேர்ந்துவிடுகிறது. சுருதியை மாற்றும் கருவி வேறொன்று அதே பட்டியலில் இருப்பதால் இரண்டும் குழம்பும். பாடநூல்களில் ஒலியின் வலிமையை உணர்வதற்கு ‘உரப்பு’ என்றும், உயர்வு தாழ்வுக்குச் ‘சுருதி’ என்றும் பிரித்தே எழுதுகிறார்கள். ஆகவே உரப்பு.

உரப்பு என்பது காது உணர்வது, கருவி அளப்பது குறிகையின் (சிக்னலின்) மட்டத்தை என்று எதிர்ப்பு வரும். இயற்பியலின்படி அது சரி. ஆனாலும் இந்தப் பெயரைப் படிப்பவர் அளவீட்டுக் கூடத்தில் இல்லை, காதில் ஹெட்ஃபோனோடு இருக்கிறார். எண்களுக்கு அருகில் வரும் இடத்தில் ‘மட்டம்’ என்றே எழுதுவோம். கருவியின் பெயரில் அவர் கேட்கப்போவது இருக்கட்டும்.

இதைவிட வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு, அதை நானே எழுப்பிக்கொண்டு சில நாள் யோசித்தேன். கம்ப்ரெசர் போட்டபின் குரல் அடங்கியது போலவா கேட்கிறது? இல்லை, பெரிதாகக் கேட்கிறது. மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புவோம். அடக்கிய பிறகு உச்சம் -15. இழந்த 9 டெசிபெலை மொத்தமாகக் கூட்டினால் உச்சம் பழையபடி -6க்கு வருகிறது, முணுமுணுப்போ -30லிருந்து -21க்கு ஏறிவிடுகிறது. மெல்லிய சொற்கள் காதருகில் வந்துவிட்டன. பலரும் கம்ப்ரெசரின் வேலை என்று நினைப்பது இந்த ஏற்றத்தைத்தான். ஆனால் ஏற்றியது அடக்கி அல்ல, அதற்குப் பின் வந்த கூட்டல். இந்த இரண்டையும் தமிழில் வேறு சொற்களால் பிரித்துவிட்டால், பயன்படுத்துபவருக்கு எது எதைச் செய்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும். கூட்டலுக்கு ‘ஈடு’ என்ற இரண்டெழுத்துப் போதும். இழந்ததைத் திரும்பக் கொடுப்பதுதானே ஈடு? “அடக்கியது 9, ஈடு 9” என்று சொல்லிப் பாருங்கள். கூடவே அறையின் மின்விசிறி இரைச்சலும் மூச்சொலியும் அதே 9 டெசிபெல் ஏறியிருக்கும் என்பதும் இந்தச் சொல்லால் எளிதாகப் புரிகிறது. ஈடு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது. அதனால்தான் இரைச்சலை முதலிலேயே களைய வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்கிறோம்.

கருவி எவ்வளவு விரைவில் பிடிக்க வேண்டும், எவ்வளவு விரைவில் விட வேண்டும் என்று வைக்கும் அடுத்த இரண்டு திருகிகளுக்குத் ‘தாக்கு நேரம்’, ‘விடுவிப்பு நேரம்’ என்று வரைவில் இருக்கிறது. தாக்குவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. ‘பிடி நேரம்’, ‘விடு நேரம்’ என்று வைக்கலாம். இவற்றை நான் சொல்லழகுக்காகச் சேர்க்கவில்லை. ‘கடல்’ என்ற சொல்லைப் பலமாகப் பாடிப் பதிந்து, பிடி நேரத்தை 1 மில்லிநொடி வைத்துக் கேளுங்கள். ககரத்தின் வெடிப்பு எழும்போதே கருவி பிடித்துவிடுவதால் சொல்லின் தலை மொட்டையாகிறது. 20 அல்லது 30 மில்லிநொடி வையுங்கள். ககரம் தன் முழு வலிமையோடு கடந்து போகிறது, அதற்குப் பின்னால் நீளும் அகரத்தை மட்டும் கருவி பிடிக்கிறது. வல்லினத்தை விட்டுவிட்டு உயிரைப் பிடிப்பது என்று தமிழில் ஒரே வரியில் விளக்கிவிடலாம். விடு நேரம் மிகவும் குறைந்தால் சொல் முடிந்தவுடன் பிடி தளர்ந்து, அடுத்த மூச்சு சீற்றத்தோடு மேலே எழுகிறது. மிகவும் நீண்டால் முதற்சொல்லுக்குப் போட்ட பிடியிலேயே அடுத்த மெல்லிய சொல்லும் மாட்டிக்கொள்கிறது. பிடி, விடு என்ற இரண்டும் வினையாகவே இருப்பதால் விளக்கத்துக்குத் தனியாக இன்னொரு சொல் தேட வேண்டியதில்லை.

ஒரு சொல்லைத் தேர்ந்தவுடன் அதன் உறவுச் சொற்கள் வருகின்றனவா என்று பார்ப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாடும்போது எழும் ‘ஸ்’ என்ற சீறலைக் குறைக்கும் ‘டி-எஸ்ஸர்’ கருவிக்கு வரைவில் ‘ச-நீக்கி’ என்று இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தின் பெயரை வைத்துக் கருவிக்குப் பெயரிட்டார்கள். தமிழ்ச் சகரம் அப்படி ஒரே ஒலியாக நிற்பதில்லை. ‘ஆசை’யில் சீறுகிறது, ‘பச்சை’யில் வெட்டி நிற்கிறது, ‘பஞ்சு’வில் மூக்கொலியை ஒட்டிக் குழைகிறது. கருவிக்கு எழுத்து தெரியாது. சுமார் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் எழும் கூர்மையைத்தான் அது தேடுகிறது, அந்தப் பகுதியை மட்டும் குறைக்கிறது. நீக்கவும் இல்லை. அளவுக்கு மீறிப் போட்டால் ‘ஆசை’ என்பது ‘ஆதை’ என்று குழந்தை மழலை போலக் கேட்கிறது. எனவே ‘சீறல் அடக்கி’. ‘உரப்பு அடக்கி’யைப் புரிந்துகொண்டவருக்கு இது என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்ளே இயங்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான், ஒரு பகுதியை மட்டும் அடக்குகிறது, அவ்வளவே.

விகிதத்தை மிக உயர்த்தி, உச்சம் ஒரு வரம்பைத் தாண்டவே கூடாது என்று நிறுத்தும் கருவிக்கு ‘வரம்பி’ போதும். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருந்ததாக நினைவில்லை.

ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்யும் நண்பர்கள் “நாங்கள் கம்ப்ரெசர் என்றுதான் சொல்வோம்” என்கிறார்கள். சொல்லட்டும். அவர்களுடைய வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவது நம் வேலை அல்ல. ஆனால் ‘கம்ப்ரெசர்’ என்று எழுதியபின் அதன் வினையை என்னவென்று எழுதுவீர்கள்? ‘கம்ப்ரெஸ் செய்’ என்று ஒரு பொத்தான், ‘கம்ப்ரெஸ் செய்யப்பட்ட அளவு’ என்று ஒரு மானி என வரிசையாகப் போகும். ‘அடக்கு’, ‘அடக்கிய அளவு’ என்று எழுதும்போது அந்தத் திரை மூச்சு விடுகிறது. கூடத்தில் வேலை கற்றவருக்கு எந்தப் பெயரும் தடையில்லை. வீட்டில் தனியாக, கேட்க ஆளில்லாமல், முதல் பாடலைக் கலவை செய்து பார்ப்பவரை எண்ணித்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

‘உரப்பு அடக்கி’யை ‘உரப்படக்கி’ என்று சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இலக்கணப்படி அது சரியே. ஆனால் திரையில் சிறிய எழுத்தில் ‘உர’ என்றும் ‘படக்கி’ என்றும் கண் பிரித்துவிடுகிறது. நானே இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். பிரித்தே எழுதுவோம்.

எனக்கு இன்னும் தெளிவாகாதது ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போகும் ஒலியை நிறுத்திவிடும் ‘கேட்’ கருவிக்கு ‘இரைச்சல் வாயில்’ என்று வரைவு சொல்கிறது. வாயில் எப்போதும் திறந்தே இருப்பது. மூடுவதும் திறப்பதும் கதவு. அந்தக் கருவியின் வேலையே குரல் வரும்போது திறந்து, குரல் நின்றதும் மூடுவதுதான். ‘இரைச்சல் கதவு’ என்று வைத்தால், இரைச்சலுக்காகத் திறக்கும் கதவு என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். ‘குரல் கதவு’ என்றால் பொருள் தெளிவாகிறது, ஆனால் மேளத்துக்குப் போடும்போது இடிக்கிறது. வெறும் ‘ஒலிக்கதவு’ போதுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதுவரை கம்ப்ரெசர் உள்ள பக்கத்தில் உரப்பு அடக்கி, தொடக்க மட்டம், விகிதம், பிடி நேரம், விடு நேரம், ஈடு ஆகிய ஆறையும் சோதனைப் பதிப்பில் இட்டு வைக்கிறேன். ஒரு பாடலை முழுவதும் கலவை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.