மரத்துப்போன விரலை வச்சுக்கிட்டு மேக்ரோ படம் (சின்னப் பொருளை ரொம்ப நெருங்கி எடுக்கிறது) எடுக்க யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. புற்றுநோய்க்கு கீமோ முடிஞ்சு இப்போதான் நடமாடுறேன். விரல் நுனி மரத்தே கிடக்கு, கையில லேசா நடுக்கமும் உண்டு. நரம்பு தேற நாளாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். படுக்கையை விட்டு வெளிய இழுத்தது கேமராதான். சிலந்தி வலையையும் எறும்பையும் பார்த்துட்டு உட்கார்ந்தா அடுத்த ஸ்கேன் பத்தின பயம் கொஞ்ச நேரம் அண்டாது. (மருந்துக்குப் பதிலா இதுன்னு சொல்ல வரல, அந்தப் பேச்சே எனக்கு ஆகாது.)

100 மிமீ மேக்ரோ லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா. 1:1 வரைக்கும் (பொருளோட நிஜ அளவுலயே சென்சார்ல விழுற அளவுக்கு) நெருங்கினா, லென்ஸ் துவாரத்தை எஃப் 8-க்கு சுருக்கி வச்சாலும் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவா விழுற பகுதி, ஒரு மில்லிமீட்டர்தான் தேறுது. உடம்பு முன்னபின்ன அசைஞ்சா எறும்போட கண்ணை விட்டுட்டு கால்ல போய் ஃபோகஸ் நிக்குது. லென்ஸ்ல இருக்கிற ஸ்டெபிலைசர் (நடுக்கத்தைக் குறைக்கிற வசதி) அந்த அசைவுக்கு உதவல. ட்ரைபாட் தூக்கத் தெம்பில்ல. மருந்து ஏத்துற போர்ட் நெஞ்சுக்கு மேல இன்னும் இருக்கிறதால கேமரா பட்டையையும் அந்தப் பக்கம் மாட்ட முடியல.

மோனோபாட் (ஒத்தைக்கால் ஸ்டாண்டு) போதுமா, இல்ல டிஃப்யூசரோட (வெளிச்சத்தை மென்மையாக்குற மறைப்பு) ஃபிளாஷ் வாங்கலாமா? ஷட்டர் பட்டனை அழுத்துறதே விரலுக்குத் தெரியல, அதுக்கு ரிமோட் சரிவருமா? இதே நிலைமையில படம் எடுத்தவங்க இருந்தா கட்டாயம் எழுதுங்க. "ஓய்வெடுங்க"ன்னு மட்டும் வேண்டாம், வீட்டுல அது தாராளமா கிடைக்குது!