வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடச் சொல்றாங்க, என்ன செய்ய? (ஜோகன்னஸ்பர்க்)

மிட்ராண்ட்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். பெரிய கம்பெனி, ஐடி. நான் வந்தப்ப டீம்ல 11 பேர், இப்ப 4. போனவங்க வேலையெல்லாம் எங்க தலையில. ஞாயித்துக்கிழமையும் ஆஃபீஸ் போன் கால். காபி மெஷினைக்கூடத் தூக்கிட்டாங்க. நேத்து ஹெச்ஆர் கூப்பிட்டு, "பரஸ்பர சம்மதத்தோட பிரியறோம்"னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. வீட்ல இன்னும் சொல்லல. போடலாமா?

ஃபோர்வேஸ்_அண்ணன்:
தம்பி, நான் 2008ல வந்தேன். லோட் ஷெட்டிங் ஆரம்பிச்ச நேரம். மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் ரசம் வெப்பேன். மூணே மாசத்துல வேலை போச்சு. நீ காபி மெஷினுக்கே கலங்குற. குடுக்கறதை வாங்கிட்டுக் கிளம்பு.

ஞாயிறு_கால்:
போடாதீங்க! வாரம் 45 மணி நேரம்தான் சட்டம். மேல செஞ்சா ஒன்றரை மடங்கு சம்பளம். முதல்ல அதைக் கேளுங்க.

சாண்ட்டன்_மாமா:
அது குறிப்பிட்ட சம்பள வரம்புக்குக் கீழ இருக்கறவங்களுக்குத்தான். ஐடி ஆளுங்க முக்கால்வாசிப் பேர் அதுக்கு மேல. தெரியாம உசுப்பேத்தாதீங்க.

டர்பன்_பேரன்:
1860ல ட்ரூரோ கப்பல்ல எங்க ஆளுங்க ஒப்பந்தத்துல வந்தாங்க. கரும்புத் தோட்டத்தை விட்டு ஓடினா ஜெயில். உங்களை இப்போ போகச் சொல்லிக் காசும் தர்றான், ஹா ஹா.

ஃபோர்வேஸ்_அண்ணன்:
காசு வந்து என்ன, ஸ்கூல் ஃபீஸுக்கே சரியாப் போயிடும். வாடகை வேற. முருங்கைக்காய் விலை கேட்டீங்களா?

சாண்ட்டன்_மாமா:
ஃபோர்ட்ஸ்பர்க் போங்க அண்ணே, எங்கயோ வாங்கிட்டுப் புலம்பாதீங்க.

கலா_பிரிட்டோரியா:
முருங்கைக்காயை அப்புறம் பாக்கலாம். ஹெச்ஆர்ல ஒன்பது வருஷம் இருந்தேன், எனக்கு ஒரு கேள்விதான். தம்பி, உங்க விசா எது? ஆஃபர் லெட்டர் குடுத்தது யாரு, இங்கத்த கம்பெனியா, ஊர்க் கம்பெனியா?
ஆட்குறைப்புன்னா இங்கத்த தொழிலாளர் உறவுச் சட்டம் 189ஆம் பிரிவுப்படி காரணத்தை எழுதிக் குடுத்து, உங்களோட கலந்து பேசணும். அந்தத் தொல்லை வேணாம்னுதான் "பரஸ்பர சம்மதம்"னு நீட்டுவாங்க. "முழு இறுதித் தீர்வு"ன்னு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க. அதுல கையெழுத்துப் போட்டா, பின்னாடி வேலைத் தகராறைத் தீர்த்து வெக்கிற சிசிஎம்ஏ அமைப்புக்குப் போறது ரொம்பக் கஷ்டம். போடாம இருந்து அவங்களே நீக்கினா, 30 நாளைக்குள்ள அங்க மனு குடுக்கலாம், கட்டணம் கிடையாது.

மிட்ராண்ட்_புதுசு:
மன்னிச்சுக்கங்க அக்கா, சொல்லாம விட்டுட்டேன். ஆஃபர் லெட்டர் சென்னை ஆஃபீஸ். கம்பெனிக்குள்ள மாத்தி அனுப்புற விசா. வந்து 14 மாசம் ஆச்சு.

கலா_பிரிட்டோரியா:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அந்த விசா அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். 4 வருஷத்துக்கு மேல நீட்டிக்கவும் முடியாது. அதை வெச்சு இங்க வேற இடத்துல சேர முடியாது. ஆனா ஊர்ல உங்களுக்கு வேலை இருக்கணுமே. பேப்பர்ல எந்தக் கம்பெனி பேர் போட்டிருக்கு?

மிட்ராண்ட்_புதுசு:
இங்கத்த பேர் மட்டும்தான். சென்னைன்னு ஒரு வார்த்தை இல்ல.

கலா_பிரிட்டோரியா:
சென்னை வேலை தொடருதான்னு ரெண்டு ஆஃபீஸுக்கும் இன்னிக்கே மெயில் போடுங்க. பதில் வர்ற வரைக்கும் அவகாசம் கேளுங்க, வாயால இல்ல, எழுத்துல. 14 மாசத்துக்குச் சட்டப்படி ஒரு வாரச் சம்பளம், 4 வார நோட்டீஸ். அவ்வளவுதான் குடுக்கறாங்கன்னா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு என்ன லாபம்? கூடுதலாத் தர்றாங்கன்னா, டிக்கெட், சாமான் அனுப்புற செலவு, ஸ்கூல் போற பிள்ளை இருந்தா டிசம்பர்ல ஸ்கூல் வருஷம் முடியற வரை வாடகை, இதையெல்லாம் அதுலயே சேர்த்து எழுதச் சொல்லுங்க. ஐஆர்பி5 வரிச் சான்றும் சர்வீஸ் சர்டிஃபிகேட்டும் வாங்காம ஊருக்குப் போகாதீங்க. பேப்பரை ஒரு லேபர் வக்கீல்கிட்ட காட்டுங்க. வீட்லயும் சொல்லிடுங்க.

ஃபோர்வேஸ்_அண்ணன்:
அக்கா சொல்றபடி செய் தம்பி. நான் சொன்னதை விட்டுடு. வக்கீல் நம்பர் ஒண்ணு இருக்கு, தனி மெசேஜ்ல அனுப்புறேன்.