தலையை வெளுத்தால் ரவுடியா? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேட்டு மாமா:
அக்கா பையனுக்கு 19 வயது. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கிவிட்டு வந்து, குளித்துத் தூங்கி, சாயந்திரம் கிளம்பினான் என்றால் ஏரியாவுக்கே மாப்பிள்ளை அவன்தான். இரண்டு பக்கமும் ஜீரோ, நடுவில் கோழிக்கொண்டை மாதிரி முடி, அதில் பித்தளை கலரில் ப்ளீச், கிளிப்பச்சைச் சட்டை, காலோடு ஒட்டின பேண்ட். போன ஞாயிறு ராயபுரம் பாலத்துப் பக்கம் வண்டி செக்கிங். லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் அரை மணி நேரம் ஓரமாக உட்கார வைத்து, போனில் முகத்தைப் படம் பிடித்து, "புள்ளிங்கோவா நீ, எந்தக் கேஸ்ல இருக்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி முடியும் சட்டையுமாகத் திரிகிற வடசென்னைப் பையன்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. பின்னாலேயே வந்த அவன் நண்பனிடம் லைசென்ஸே கிடையாது. ஆனால் சட்டையை டக்-இன் பண்ணியிருந்தான், கை காட்டி அனுப்பிவிட்டார்கள். முடிக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? அவன் தலை, அவன் காசு, அவன் ஸ்டைல்.

தண்டையார்பேட்டை ஹெச்.ஆர்.:
மாமா, நிறுத்தினது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் "அவன் ஸ்டைல்" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் இருக்கிற எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள், அதே கிளிப்பச்சை, அதே பித்தளைத் தலை, இருபது பேர் தேறுவார்கள். ரீல்ஸில் ஒருத்தன் போட்டான், மற்றவன் எல்லாம் போட்டுக்கொண்டான். இதில் தனித்துவம் எங்கே இருக்கிறது? பதினோரு வருடமாக ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எதிரில் இருப்பவன் பாதி முடிவு செய்துவிடுகிறான். அது நியாயமா என்று கேட்காதீர்கள், நியாயம் இல்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது. பையன் நல்லா இருக்கணும் என்றால் முதலில் முடியை வெட்டச் சொல்லுங்கள்.

வியாசை ஜெனி:
ஹெச்.ஆர். அண்ணா, உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் நீலச் சட்டை, பழுப்பு பேண்ட், கழுத்தில் ஐடி கார்டு? அவர்களிடம் போய்த் தனித்துவம் எங்கே என்று கேட்டீர்களா?

எங்கள் தெருமுனையில் அம்பேத்கர் சிலை இருக்கிறது, நீலக் கோட்டு, டை, கையில் புத்தகம். வருடா வருடம் ஏப்ரலில் பெயிண்ட் அடிக்கும்போது கோட்டு மடிப்புக்குத் தனி பிரஷ் வைத்து அடிப்பார்கள், ஒரு கோடு விலகினாலும் கீழே நிற்கிற பெரியவர் விடமாட்டார். 1921ல் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றினார். அவரிடம் கழற்றுவதற்குச் சட்டை இருந்தது. இல்லாதவன் போட்டால்தான் அது சேதி. அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பளிச்சென்று உடுத்துவதை வெறும் சேட்டை என்று என்னால் சொல்ல முடியாது.

தண்டையார்பேட்டை ஹெச்.ஆர்.:
அம்பேத்கர் கோட்டையும் கோழிக்கொண்டையையும் ஒரே தட்டில் வைக்கிறாயே தங்கச்சி. அவர் கோட்டு போட்டது உலகம் மதிக்கிற உடையை நானும் போடுவேன் என்று காட்டுவதற்கு. அப்படிப் பார்த்தால் அவர் என் கட்சி.

வியாசை ஜெனி:
சரி, அது நல்ல கேள்விதான். யோசித்துவிட்டு வருகிறேன்.

டெய்லர் தாத்தா, கல்மண்டபம்:
எனக்கு 71 வயது, பேரன் டைப் பண்ணித் தருகிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள். 1970களில் பெல்பாட்டம் தைத்தே கடை வைத்தவன் நான். பாட்டம் 26 இன்ச் வரை வைத்திருக்கிறேன், ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகும். அப்பன்மார் எல்லாம் கடை வாசலில் வந்து சண்டை போடுவார்கள். எங்கள் அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் காக்கி நெய்தவர், அவரே என் பேண்டைப் பார்த்து, "ஒரு பேண்ட்டு துணியில ரெண்டு பேருக்கு ஆகும்டா" என்றார். மில்லை 1996ல் மூடிவிட்டார்கள். போலீஸ், பட்டாளம் என்று எத்தனையோ பேர் உடுத்தின காக்கி இந்தப் பக்கத்துக் கையில் நெய்தது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது வருகிற பையன்கள் ரெடிமேட் ஜீன்ஸைக் கொண்டுவந்து "தாத்தா, பென்சில் பண்ணு" என்பார்கள். உள்பக்கத் தையலைப் பிரித்து, முட்டியிலிருந்து சாக்பீஸ் போட்டு இறக்கி, 11 இன்ச்சுக்குக் கொண்டுவருவேன். அதற்குக் கீழே போனால் குதிகால் நுழையாது. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறான், பாதத்தில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு காலை விடுகிறான், வழுக்கிக்கொண்டு போகிறது! அப்புறம் கவரை அடியில் உருவி எடுத்து எனக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். எனக்கு இந்த ஸ்டைல் பிடிக்காது. துணி மூச்சு விட வேண்டும். ஆனால் ரெடிமேடை அப்படியே போடாமல் தன் காலுக்குப் பிரித்துத் தைக்கச் சொல்கிறான் பாருங்கள், அவனைப் போய் காப்பி அடிக்கிறவன் என்று ஹெச்.ஆர். தம்பி சொல்வதுதான் பொருந்தவில்லை.

வேட்டி நண்பன்:
இத்தனை பேச்சு எதற்கு? தமிழன் அடையாளம் வேட்டி. 2014ல் சட்டமே வந்தாச்சு. கட்டுங்கள், ஒருத்தனும் நிறுத்தமாட்டான்.

வியாசை ஜெனி:
அந்தச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஜூலையில் நடந்தது, ஆகஸ்டில் சட்டம். தடுத்தால் ஒரு வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் நீதிபதிக்கு நடந்ததால் ஒரே மாதத்தில் வந்தது. கைலி கட்டினவனை எத்தனை வாசலில் நிறுத்தியிருப்பார்கள், அதற்கு ஒரு சர்க்குலராவது வந்ததா?

இத்தனைக்கும் அந்தக் கட்டம் போட்ட துணிக்கு மெட்ராஸ் என்றுதான் உலகம் முழுக்கப் பெயர். 1960கள் பக்கம் அமெரிக்காவில் கல்லூரிப் பையன்கள் அதைச் சட்டையாகப் போட்டார்கள், துவைத்தால் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அங்கே போனால் ஃபேஷன், இங்கே இடுப்பில் இருந்தால் லோக்கல். ஹெச்.ஆர். அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உலகம் மதிக்கிற உடை என்பது துணியில் இல்லை, யார் உடம்பில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை அம்மா:
எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். காலையில் ஐந்து மணிக்குத் தண்ணி லாரி, குடம், டிபன், அப்படியே நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பிள்ளையை விடப் போனால் ஸ்கூல் வாசலில் "நைட்டியில் வரக்கூடாது" என்று போர்டு. நான் என்ன வாத்தியார் அம்மாவா? கேட்டுக்கு வெளியேதானே நிற்கிறேன்? இதில் எனக்கு அடையாளமும் இல்லை, ஸ்டைலும் இல்லை. பாக்கெட் வைத்த நைட்டி, போன் வைக்கலாம், சாவி வைக்கலாம், அதுதான் விஷயம்.

டெய்லர் தாத்தா, கல்மண்டபம்:
பாக்கெட் நான் வைத்துத் தருவதுதான் அம்மா :) பத்து ரூபாய் கூட.

அப்புறம், வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்துக் கொடுத்தவர்களால் வந்தது. துணியை வெளுத்தால் வியாபாரம், தலையை வெளுத்தால் கேஸா?

தண்டையார்பேட்டை ஹெச்.ஆர்.:
தாத்தா, சிரித்துவிட்டேன். சரி, ஒன்று சொல்கிறேன். என் முதல் இன்டர்வியூ கிண்டியில். மாமாவின் பேண்ட், இடுப்பில் இரண்டு இன்ச் லூஸ், பின் குத்திக்கொண்டு போனேன். அட்ரஸ் கேட்ட இடத்தில் அண்ணா நகர் சித்தி வீட்டை எழுதினேன். வேலை கிடைத்தது. இப்போதும் ஆபீஸில் பாதிப் பேருக்கு என் ஏரியா தெரியாது. அதனால்தான் பையனை மாறச் சொல்கிறேன், அவனை இளக்காரமாகப் பார்த்து இல்லை. மாறினால் வேலை நடக்கிறது, என் விஷயத்தில் நடந்தது. ஜெனி சொல்வதை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த அட்ரஸ் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

காசிமேட்டு மாமா:
நாம் இவ்வளவு அடித்துக்கொண்டோம், அவனை யாரும் கேட்கவில்லை. ராத்திரி கேட்டேன், ஏண்டா இந்தக் கலர் என்று. "எத்தனை சோப்பு போட்டாலும் கையில மீன் வாடை போறதில்ல மாமா. பஸ்ல உட்கார்ந்தா பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைத்தான் பிடிப்பான். இப்ப முதல்ல என் தலையைப் பார்க்கிறான்" என்றான். சொல்லிவிட்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

தண்டையார்பேட்டை ஹெச்.ஆர்.:
பன்னிரண்டாவது முடித்திருக்கிறானா? எங்கள் குடோனில் ஸ்டாக் எடுக்கிற வேலை இரண்டு காலி. கஸ்டமர் யாரும் பார்க்கப் போவதில்லை. முடியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன், மேனேஜர் கேட்டால் பேசிக்கொள்கிறேன்.

காசிமேட்டு மாமா:
முடித்திருக்கிறான். கேட்டுச் சொல்கிறேன். கிளிப்பச்சையில்தான் வருவான், இப்போதே சொல்லிவிட்டேன்.

டெய்லர் தாத்தா, கல்மண்டபம்:
அதற்கு முன்னால் அந்தச் சட்டையை என்னிடம் கொண்டுவரச் சொல். ரெடிமேட் என்றால் தோள் எப்படியும் இறங்கித்தான் இருக்கும். ஞாயிறு மத்தியானம் வரை கடை உண்டு.