அப்பாவின் பரிசுப் பயணமும் அலெக்சாண்டர் பெய்னின் படங்களும்: குறும்படம் எடுப்பது குறித்து ஒரு கேள்வி

பென்னாகரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பென்னாகரத்தைச் சேர்ந்தவன். தருமபுரியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்குக் கதை எழுதி முடித்துவிட்டு, அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் ஆறு மாதமாகத் தவிப்பதால் இங்கே கேட்கிறேன்.

கதை என் அப்பாவுடையது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு, 25 லட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாக 2018 மே மாதத்தில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அது ஏமாற்று வேலை என்று நானும் அண்ணனும் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் உடன் போனேன். அவர் சொன்ன முகவரியில் ஷட்டர் இறக்கிய ஒரு கடைதான் இருந்தது. அதன் எதிரே திண்ணையில் மாலை நான்கு மணிவரை உட்கார்ந்திருந்தோம். திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்க வேண்டும் என்றார். இறங்கி, தன் பணத்தில் ஒரு கூடை மாம்பழம் வாங்கி, இரவு எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். பரிசு என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2020 ஊரடங்கின்போது அமெரிக்க இயக்குநர் அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய ‘நெப்ராஸ்கா’ படத்தைப் பார்த்து அதிர்ந்து போனேன். அதிலும் ஒரு கிழவர் பரிசுக் கடிதத்தை நம்பிப் புறப்படுகிறார், மகன் உடன் போகிறான். என் படத்தைப் பார்ப்பவர்கள் இதை அதன் நகல் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று உண்டு. கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்பா இப்போது இல்லை. அவரை ஊர் சிரிப்பதற்காக நான் படம் எடுக்கக் கூடாது. அந்த இயக்குநர் தன் வாழ்நாள் முழுக்கச் சிரிப்பையும் துயரத்தையும் சேர்த்தே படம் எடுத்திருக்கிறாரே, அவர் எப்படி இதைக் கையாண்டார்? அவருடைய படங்களை எந்த வரிசையில் பார்த்தால் எனக்குப் பிடிபடும்?

பழையபேட்டை ஆசிரியர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் கிருஷ்ணகிரியில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உலகப் படங்கள் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. பெய்னின் படங்களில் ஐந்தை அங்கே திரையிட்டிருக்கிறோம்.

நகல் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த இயக்குநரே தன் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலக்கதையைப் பிறரிடமிருந்து பெற்றவர்தான். அவருக்குக் கிடைத்த இரண்டு ஆஸ்கர் விருதுகளும், ‘சைட்வேஸ்’ படத்துக்கும் ‘தி டிசெண்டன்ட்ஸ்’ படத்துக்குமாக, நாவலிலிருந்து தழுவி எழுதிய திரைக்கதைக்கானவை. ‘நெப்ராஸ்கா’வின் திரைக்கதையோ பாப் நெல்சன் எழுதியது, திரைக்கதை எழுதியவராகத் தன் பெயர் இடம்பெறாமல் பெய்ன் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. எனவே கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த கதையை எந்த மண்ணில் நட்டார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் 1961-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், உணவகம் நடத்திய கிரேக்க வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் வரலாறும் ஸ்பானிய மொழியும் படித்து, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் திரைப்படக் கல்வி முடித்தவர். ஹாலிவுட்டுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிடாமல், ‘சிட்டிசன் ரூத்’ (1996), ‘எலெக்‌ஷன்’ (1999), ‘அபௌட் ஷ்மிட்’ (2002) என்று தன் முதல் மூன்று படங்களுக்கும் ஒமாஹாவுக்கே திரும்பி வந்தார். இவற்றில் மூன்றாவது படம் உங்களுக்கு மிகவும் பயன்படும். அதன் மூலமான நாவலில் வரும் ஷ்மிட், நியூயார்க் வட்டாரத்தில் வசதியாக வாழ்ந்து ஓய்வு பெற்ற வழக்கறிஞர். பெய்னும் அவருடைய எழுத்துத் துணைவர் ஜிம் டெய்லரும் அவரை ஒமாஹாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெறுகிறவராக ஆக்கிவிட்டார்கள். பெய்ன் மாணவர் பருவம் முடிந்த காலத்தில் எழுதி வைத்திருந்த வேறொரு கதையையும் அதில் கலந்தார்கள். படம் தொடங்கும்போது, காலி செய்யப்பட்ட அறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஜாக் நிகல்சன் தனியே உட்கார்ந்திருக்கிறார். முள் ஐந்து மணியைத் தொட்டதும் எழுந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். பணி ஓய்வு நாளை அறிந்த எவருக்கும் அந்தக் காட்சி நெஞ்சைப் பிசையும். எனக்குப் பிசைந்தது.

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு ‘தி டிசெண்டன்ட்ஸ்’ (2011) படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. நினைவற்றுக் கிடக்கும் மனைவிக்கு வேறொருவருடன் உறவு இருந்தது என்பதை மகள் வாயிலாக அறிந்த கணவன், உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நண்பர் வீட்டுக்கு ஓடுகிறான். ஓடுவதற்கு ஒவ்வாத காலணி அணிந்திருப்பதால், பெயர்பெற்ற அழகனான ஜார்ஜ் குளூனி தத்தக்கா பித்தக்கா என்று ஓடுகிறார். அரங்கில் சிரிப்பு எழுகிறது. ஆனால் சிரிக்கிறவர் எவரும் அவனுடைய துயரத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. துயரம் வந்த நேரத்தில் காலில் என்ன செருப்பு கிடந்ததோ அதோடுதானே மனிதன் ஓட வேண்டியிருக்கிறது என்பதை உணர்ந்து சிரிக்கிறார்கள். உங்கள் அப்பாவின் மஞ்சப்பை அத்தகைய ஒன்று. பைக்குள் இருந்த தாள்களை அவர் எந்த வரிசையில் அடுக்கினார் என்பதைக் காட்டுங்கள், கேலி அண்டாது.

பார்க்க வேண்டிய வரிசை: ‘அபௌட் ஷ்மிட்’, பிறகு ‘சைட்வேஸ்’ (2004), பிறகு மறுபடியும் ‘நெப்ராஸ்கா’ (2013), கடைசியாக ‘தி ஹோல்டோவர்ஸ்’ (2023). மனிதர்களை ஐந்தங்குல உயரத்துக்குச் சுருக்கும் ‘டவுன்சைஸிங்’ (2017) பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டு வசூலில் தோற்றது. அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். ஆயினும், அந்தத் தோல்விக்குப் பின் ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு பள்ளி விடுதி, ஓர் ஆசிரியர், ஒரு மாணவன், மகனைப் போரில் இழந்த ஒரு சமையல்காரப் பெண் என்று தன் பழைய அளவுக்கே அவர் திரும்பியதும், அந்தச் சமையல்காரப் பெண்ணாக நடித்த டேவைன் ஜாய் ராண்டால்ஃப் ஆஸ்கர் பெற்றதும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன.

ஓசூர் படத்தொகுப்பாளர்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு என் தொழில் சார்ந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். குறும்படம் எடுக்கப் போகும் நீங்கள் இவருடைய முழுநீளப் படங்களுக்கு முன்னால், பாரிஸ் நகரைப் பற்றிய பதினெட்டுக் குறும்படங்களின் தொகுப்பாக 2006-இல் வந்த ‘பாரி, ஜ தெம்’ படத்தில் இவர் எடுத்த கடைசிப் பகுதியைப் பாருங்கள். டென்வரில் அஞ்சல் விநியோகிக்கும் ஒரு நடுவயதுப் பெண் தனியாகப் பாரிஸுக்குப் போய் வந்து, பிரெஞ்சு வகுப்பில் வாசிக்கும் கட்டுரையாக அந்தப் பயணத்தைச் சொல்கிறாள். உச்சரிப்பு அத்தனையும் அமெரிக்க வாடை. முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு வரும். பிறகு அவள் ஒரு பூங்கா இருக்கையில் உட்கார்ந்து, மகிழ்ச்சியும் வருத்தமும் ஒன்றாக வந்து தன்னைத் தொட்டதைச் சொல்கிறபோது, நாம் சிரித்த அதே குரல்தான் நம்மைக் கலங்க வைக்கிறது. குரலை அவர் மாற்றவே இல்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இருபது நிமிடப் பாடம் அந்த ஏழு நிமிடத்துக்குள் இருக்கிறது.

‘சிட்டிசன் ரூத்’ தொடங்கி இவருடைய முழுநீளப் படங்கள் அனைத்தையும் கெவின் டென்ட் என்ற ஒரே தொகுப்பாளர்தான் வெட்டியிருக்கிறார். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் முகத்துக்குத் தாவாமல், பேசியவர் முகத்திலேயே ஒரு கணம் கூடுதலாக நிற்பதை ‘நெப்ராஸ்கா’வில் எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி முன் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, கார் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் வந்தது என்பதை மட்டும் பேசும் காட்சியில் அந்தக் கூடுதல் கணம்தான் நகைச்சுவை. கிழவர் தன் பாழடைந்த பிறந்த வீட்டுக்குள் நிற்கும் காட்சியில் அதே கணம்தான் துயரம். ஷட்டர் முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி இசை போட்டு நிரப்பிவிடாதீர்கள். நிழல் நகர்வதைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று: அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கத் தயாரிப்பு நிறுவனம் எளிதில் இணங்கவில்லை. பெய்ன் குறைந்த செலவுக்கு ஒத்துக்கொண்டு தன் விருப்பத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த ஊர்க்காரர்களாகவே பல முகங்களைத் தேடிப் பிடித்தார். நடிப்புத் தொழிலை அறியாத முதியவர்கள் அதில் நிறைய உண்டு. உங்களிடம் பணம் இல்லை என்பது உங்கள் படத்துக்குத் தடையாகாது. பெங்களூர்ப் பேருந்தில் நிஜமாகவே பயணம் செய்யும் முகங்களை அனுமதி கேட்டு எடுங்கள்.

பாலக்கோட்டு வாசகி

பெரியவர்கள் இருவரும் மதிப்போடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் இந்த இயக்குநரை முழு மனதோடு ஏற்றுக்கொள்ள முடியாமல் இருப்பவள் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். ‘நெப்ராஸ்கா’வில் வரும் உறவுக்கார இளைஞர்கள் இருவரும் வெறும் மந்தபுத்திக்காரர்கள், அவர்களுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ‘அபௌட் ஷ்மிட்’ படத்தில் சம்பந்தி வீட்டார் மீதும் அதே பார்வைதான் விழுகிறது. நாயகர்களுக்குக் கொடுக்கும் கருணையை அவர் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. சிற்றூர்க்காரர்கள் என்றாலே வாயைப் பிளந்து நிற்பவர்கள் என்று நம் படங்களிலும் காட்டிக் காட்டி எங்களைச் சலிப்படைய வைத்திருக்கிறார்கள். தக்காளி ஏற்றி இறக்கும் என் அண்ணன் தம்பிகளை அப்படி யாராவது காட்டினால் எனக்குக் கோபம் வரும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ‘நெப்ராஸ்கா’வில் கிழவரின் மனைவியாக ஜூன் ஸ்குவிப் நடித்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூட விடாமல் ஏசும் வாய் அது. கணவரையும் படம் நெடுகத் திட்டித் தீர்க்கிறது. ஆனால் இல்லாத பரிசுப் பணத்தில் பங்கு கேட்டு உறவினர்கள் சூழ்ந்துகொள்ளும்போது, எல்லோரையும் ஒரே அதட்டலில் வாயடைக்க வைப்பவர் அவர்தான். நாற்பது ஐம்பது ஆண்டு மணவாழ்க்கை அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

அதனால் சகோதரரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கேள்வியில் அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், தெரு முழுக்க இருக்கிறது. அம்மா எங்கே? விடியற்காலையில் ஒரு மனிதர் மஞ்சப்பையோடு கிளம்பும்போது அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமே.

பென்னாகரத்தான்

அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்த பிறகு இரண்டு நாளாக என்னால் பதில் எழுத முடியவில்லை. நேற்று அம்மாவிடம் கேட்டேன். அது ஏமாற்று என்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம். தெரிந்தும் மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தாராம். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடம் ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்த மனிதர், தனக்கென்று ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு நாள் நம்பினார், அந்த ஒரு நாளை நான் ஏன் பிடுங்க வேண்டும் என்றார். மாம்பழக் கூடையோடு அப்பா வந்து நின்றபோது, முதல் பழத்தை வாங்கி அறுத்தவரும் அம்மாதானாம். அதை நான் அன்று கவனிக்கவே இல்லை.

கதையில் அம்மாவுக்கு இரண்டே வரி எழுதியிருந்தேன். அந்தப் பிரதியைத் தூர வைத்துவிட்டேன். ஆசிரியர் ஐயா, ‘அபௌட் ஷ்மிட்’ பார்த்தாயிற்று. கடைசியில், மாதம் 22 டாலர் அனுப்பி அவர் ஆதரிக்கும் தான்சானியச் சிறுவன் வரைந்த படம் வந்து சேர்கிறது. பெரிய உருவமும் சிறிய உருவமும் கைகோத்து நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்து ஷ்மிட் அழும்போது நானும் அழுதேன். என் படம் மாம்பழம் கொடுப்பதில் முடிய வேண்டுமா, அம்மா பழம் அறுப்பதில் முடிய வேண்டுமா என்பதுதான் இப்போது குழப்பம்.

பழையபேட்டை ஆசிரியர்

‘நெப்ராஸ்கா’வின் முடிவை நினைத்துப் பாருங்கள். மகன் தன் காரைக் கொடுத்து ஒரு டிரக் வாங்கி, அப்பாவை அவருடைய பழைய ஊரின் கடைத்தெரு வழியாக ஓட்டச் சொல்கிறான். ஊரார் கண்ணில் படாமல் தான் இருக்கைக்குக் கீழே குனிந்துகொள்கிறான். அந்த மகன் செய்ததை உங்கள் வீட்டில் அம்மா செய்திருக்கிறார்.

அறுத்த பழத்தை அப்பா சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். படப்பிடிப்பை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நம் சந்தையில் பழம் குவிந்திருக்கும். கிருஷ்ணகிரியில் எடுக்கும் இரண்டு நாளும் உங்கள் குழுவினர் எங்கள் வீட்டிலேயே தங்கலாம். சாப்பாடும் எங்கள் பொறுப்பு.